எச்சில் கம்பவுண்டரும் நிவேதனக் கற்கண்டும்

செஞ்சியில் எச்சிலைப் பற்றி மரியாதையோடு பேசிய மனிதர் ஒருவர்தான் இருந்தார்; அவரைப் பற்றி மரியாதையோடு பேசியவர் ஒருவரும் இல்லை. அறுபதுகளில் எங்கள் ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கிக் கொடுத்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் எதுவோ, ஊர் இட்ட பெயர் எச்சில் கம்பவுண்டர்.

காலில் முள் தைத்து வந்த குழந்தையானாலும் முதலில் வாயைத் திறக்கச் சொல்வார். சட்டைப்பையிலிருந்து புளியங்காயை எடுத்துக் கண்முன் ஆட்டுவார். நாவில் நீர் ஊறினால் அவர் முகத்தில் கோடைமழை கண்ட மகிழ்ச்சி தோன்றும்; ஊறாவிட்டால் இழவு விழுந்த முகம். ஒருநாள் அவலூர்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் தரையில் துப்பிவிட்டார்.

"யோவ், அது பல்லுக்குக் காவல்யா! இப்படித் தெருவுல ஊத்துறியே?"

"என் வாயி, என் எச்சி. உனக்கு இன்னா நோவுது?"

"எனக்கு நோவாது. பல்லு போனா உனக்குத்தான் நோவும்."

"எனக்குத்தான் பல்லே இல்லியேயா!" என்று பெரியவர் வாயை அகலத் திறந்து காட்ட, பஸ் நிலையமே சிரித்தது. கம்பவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தியா, துப்பித் துப்பியே போச்சு" என்றார் துக்கத்தோடு.

நானோ பிறர் எச்சில் பட்ட பாத்திரத்தைத் தொட்டாலே நீராடும் ஆசாரக்காரன், பள்ளியில் தமிழாசிரியன். என் மகள் மங்கைக்கு அப்போது நான்கு வயது. பூசையில் பதிகம் ஓதி முடித்ததும், நிவேதனம் செய்த கற்கண்டை உறங்கப்போகும் அவள் வாயில் இடுவேன். அதன்பின் வாய் கொப்பளித்தால் பிரசாதத்தையே உமிழ்ந்ததாகும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கற்கண்டு கரையக் கரையவே கண்ணயர்ந்துவிடுவாள். இறைவனின் இனிமை இரவெல்லாம் அவள் நாவில் தங்குகிறது என்று பூரித்திருந்தேன். தங்கியது உண்மைதான். முன்பற்கள் முதலில் பழுத்தன, பிறகு கறுத்தன.

கோயில் வாசலில் அவள் சிரித்ததைக் கம்பவுண்டர் பார்த்துவிட்டார்.

"புலவரே, தூங்கப் போகையில புள்ளைக்கு இன்னா குடுக்குறீங்க?"

"சாமி பிரசாதம்" என்றேன் பெருமிதத்தோடு.

"பகல்ல எச்சி ஊறிக்கினே இருக்கும். இனிப்பைக் கழுவும், புளிப்பை அடக்கும். தூக்கத்துல அது வத்திடும். காவக்காரன் தூங்கையில கோட்டைக் கதவைத் தொறந்து வெக்கிறீங்களே! சாயங்காலமே குடுத்துட்டு, ரெண்டு மடக்குத் தண்ணி குடிக்க வையுங்க."

"பிரசாதத்தையும் எச்சியையும் ஒண்ணாப் பேசுறியே, உன் நாக்கு அழுகிப்போவும்!" என்று தெருவறியச் சீறினேன். அன்று முதல், அவர்மேல் இருந்த ஆத்திரத்தில், ஒரு கற்கண்டுக்கு இரண்டாக இட்டேன்.

ஆடி மாதத்தில் குழந்தையின் மேலுதடு வீங்கி, வீக்கம் கண்வரை ஏறியது. "சோறு வேணாம் நைனா, நோவுது" என்றாள், அழுவதற்கும் திராணியில்லை. சீழ் பரவினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, மருத்துவர் நான்கு முன்பற்களையும் பிடுங்கினார். அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தவர் கம்பவுண்டர். கதவுக்கு வெளியே நான் பதிகம் ஓத முயன்றேன். ஆயிரம் முறை ஓதிய பாட்டில் ஓர் அடிகூட வரவில்லை.

கதவு திறந்ததும் என் மனைவி கேட்டாள்: "இன்னாத்தால இப்படி ஆச்சு கம்பவுண்டரே? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"போன வருசம் புள்ளைக்கு அம்மை வந்துச்சில்ல, அப்பவே எச்சி ஊறுறது கொறஞ்சிருக்கும்மா. யார் மேலயும் தப்பில்ல" என்று கையிலிருந்த மருந்துப் புட்டியிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. கற்கண்டை மட்டும் நிறுத்தினேன்.

மங்கைக்குப் புதுப் பற்கள் முளைத்தன. பல ஆண்டுகள் சென்று, கம்பவுண்டர் இறந்த செய்தி வந்த அன்றுதான், கோயில் வாசலில் நடந்ததை மனைவியிடம் சொல்லி அழுதேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "நம்ம புள்ளைக்கு அம்மை எப்பங்க வந்துச்சு? பொய் சொல்லவே தெரியாத மனுசன், உங்க மானத்துக்காகத் தட்டுத் தடுமாறி ஒண்ணு சொல்றாரு. அதைப் போயி நான் உடைப்பேனா?"

தெருத்தெருவாக உண்மையைச் சொல்லி வசை வாங்கியவர், தம் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்யை எனக்கென்று தந்துவிட்டுப் போயிருக்கிறார்.