கண்ணாடி வீட்டின் சிவப்புப் புள்ளிகள்

கிள்ளான்
9 மே 1935

அன்புள்ள மச்சான் வாசு அவர்களுக்குக் கன்னையா எழுதிக்கொண்டது. இவ்விடம் என்னைத் தவிர எல்லாரும் சௌக்கியம். நான் சௌக்கியமில்லாததற்குக் காரணம் தங்கள் மூத்த மகன் பாலன்.

பேர்பெற்ற வீடு ஒன்றை ஆராய்ந்து படம் போட்டு வரும்படி கட்டடப் படிப்பு வாத்தியார் சொன்னதாக வந்து நின்றான். எனக்கும் பெருமைதான். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி 'கண்ணாடி வீடு' என்றால் எந்த ரிக்‌ஷாக்காரன் விலாசம் கேட்கிறான்? ஹாலின் சீமைக் கண்ணாடியையும் பூப்போட்ட தரையையும் சிங்கக்கால் நாற்காலிகளையும் அளப்பான் என்று பார்த்தால், "மாமா, இந்த ஹால்ல யாரு உக்காருவாங்க?" என்றான். "வர்றவங்க" என்றேன். "கடைசியா எப்ப வந்தாங்க?" என்றான். போன வருஷத் தைப்பூசத்துக்கு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதோடு விட்டானா? மூன்று நாள் இங்கேயே தங்கி, மணிக்கொரு தரம் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் படத்தில் சிவப்புப் புள்ளி வைத்தான். அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரத்தில் அறுபத்தொரு புள்ளி. ஹாலில் ஒன்றே ஒன்று, அதுவும் பூனை. அதையும் உங்கள் தங்கை இராஜம்மா விளக்குமாற்றால் விரட்டிவிட்டாள். படத்துக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? 'முன்பாதியை இடித்துவிட்டாலும் வீட்டாருக்குத் தெரியவர சில மாதங்கள் ஆகும்.' வயிறு எரிகிறது மச்சான்! இருபது வருஷம் ரோடு காண்டிராக்ட் எடுத்து வெயிலில் காய்ந்து கட்டிய வீடு. இராஜம்மாவோ, "உள்ளதத்தானே போட்டிருக்கான்" என்று சிரிக்கிறாள்.

சனிக்கிழமை அந்தப் படத்தைக் கோலாலம்பூரில் எல்லாரும் பார்க்க மாட்டி வைக்கப்போகிறார்களாம். நம்மவர்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸே திரண்டு போகும். அப்புறம் நான் பாசார்க் கடைத்தெருவில் தலைகாட்ட முடியுமா? ஆகையால் தாங்கள் அவனைக் கண்டித்து, அந்த வாசகத்தை அழிக்கச் சொல்லவும். குறைந்தது இருபது புள்ளிகளையாவது ஹாலுக்கு மாற்றச் சொல்லவும். நாங்கள் அங்கே உட்காருகிறவர்கள்தான், நேரம்தான் வாய்க்கவில்லை.

பத்துமலை முருகன் தங்கள் குடும்பத்துக்குச் சகல பாக்கியமும், பாலனுக்குத் தனியாகக் கொஞ்சம் புத்தியும் அருளட்டும்.

இப்படிக்கு,
கன்னையா

பி.கு.: கடிதத்தில் உள்ள மஞ்சள் கறையைப் பொறுத்துக்கொள்ளவும். ஹாலில் உட்கார்ந்து கௌரவமாக எழுதலாம் என்றுதான் போனேன். "மை கொட்டிப்புடும், பின்னால போய் எழுதுங்க" என்று இராஜம்மா பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தாழ்வாரத்தில் அம்மிக்குப் பக்கத்தில், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று நன்றாகவே வருகிறது. இதைப் பாலனிடம் சொல்ல வேண்டாம், அறுபத்திரண்டு ஆக்கிவிடுவான்.