முகம் பார்க்க அழைத்த நாள்

"மூஞ்சியத் தொடச்சுட்டுப் போங்க, காதுகிட்ட சோப்பு நுரை" என்றாள் வஞ்சி. கப்பல்காரர்களுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி மருதப்பன் தோள்துண்டால் துடைத்துக்கொண்டே கடற்கரைக்குப் போனார். நண்பகலில் நான்கு பேர் அவரைப் பிணமாகக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

அலைவாய் நாட்டில் கப்பல்களோடு சொற்களும் வந்து இறங்கும், ஏறிப் போகும். வஞ்சி 'மூஞ்சி' என்பதை அவள் கணவர் சபையில் 'முகம்' என்பார். தீவுக்காரர்கள் 'மூண' என்பார்கள், கீழ்க்கடல் மாலுமிகள் 'முகா' என்பார்கள். எல்லாருக்கும் புரியும். மன்னருக்குத்தான் பொறுக்கவில்லை. அன்று முற்பகல், 'முகம்' வந்தேறி என்று அதையும் அதன் உறவுகளையும் தடைசெய்தார். இனி 'முன்தலைப்புலம்' என்றே சொல்ல வேண்டும். முகவரி எழுதிய கடிதங்கள் குப்பைக்குப் போயின. துறைமுகப் பலகையில் பாதியை அழித்தார்கள். கப்பல்கள் நிற்க இடம் தெரியாமல் சுற்றின.

அந்நாட்டில், "முகம் பார்க்கிறவங்க வரலாம்" என்று குரல் கொடுத்தால்தான் சாவு வீட்டு வாசலைத் தாண்டுவார்கள். குரல் கொடுக்கும் தவசி, மேற்பார்வைக்கு வந்திருந்த மொழித்தூய்மை அமைச்சர் விடங்கரைப் பார்த்துக்கொண்டே கூவினார்:

"முன்தலைப்புலம் பாக்கிறவங்க வரலாம்!"

வெளியே நூறு பேர் பூவோடு அசையாமல் நின்றார்கள். "யாரோ நெலம் விக்கிறாங்க போல" என்றது ஒரு குரல்.

வஞ்சி அமைச்சரைப் பார்த்துக் கைகூப்பினாள். "ஐயா, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும். இவரு வாயால பேசின சனங்க ஒருதரம் பாக்க வேணாமா? அந்தப் பழைய வார்த்தையச் சொல்ல விடுங்க."

"குழு ஆராய்கிறது, அம்மா. ஆறு மாதத்தில் அறிக்கை வரும்."

"அதுவரைக்கும் இவரு தாங்க மாட்டாரே!"

அமைச்சர் மாலை வைக்கக் குனிந்தார். "அடடா, என்ன களையான முகம்!"

மேடைக் குரல்; வாசல்வரை கேட்டது. அழைப்பு வந்துவிட்டதென்று கூட்டம் உள்ளே வந்தது. மூண, முகா, மூஞ்சி என்று அவரவர் வாயில் வந்ததைச் சொல்லி அழுதார்கள். மருதப்பன் சொன்ன வேடிக்கைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். காவலர் விலங்கோடு ஓடிவந்து அமைச்சரிடமே கேட்டார்: "யாரைப் பிடிக்கணுங்க?"

மறுநாள் அரசாணை வந்தது. 'முகம்' இம்மண்ணில் பிறந்து உலகெங்கும் பரவிய சொல். அதை முதலில் உணர்ந்த விடங்கருக்கு விருது. முந்தின நாள் அதைச் சொல்லத் தவறியவர்கள்மீது விசாரணை. முதல் குற்றவாளி தவசி. சாட்சி வஞ்சி.

"தவசி 'முன்தலைப்புலம்' என்று கூவியபோது உன் கணவர் எப்படி இருந்தார்?" என்றார் விசாரணை அதிகாரி.

"எடது புருவத்த ஒசத்திக்கிட்டுத்தான் இருந்தாருங்க. அதிகாரிங்க பேச்ச மொழிபெயர்க்கும்போது எப்பவும் அப்படித்தான்."