தோற்றவர் சீக்கிரம் வந்த கல்யாணம்

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிய எழுத்தில் இன்னொருவர் பெயர் இருந்தால், அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மரியாதை இருக்காது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. பட்டது என் சொந்தக் கல்யாணத்தில்.

பல வருஷங்களுக்கு முந்தைய கதை. பெரம்பலூரில் உரக்கடை வைத்திருந்தேன். பேர்தான் என் கடை. கடையில் இருந்தது என் தம்பி. நான் கட்சி ஆபீஸில் இருந்தேன். ஆளுங்கட்சி வேறு, சும்மா இருக்க முடியுமா? எங்கள் எம்.எல்.ஏ.வை எல்லோரும் அண்ணன் என்போம். அவர் ஜீப்பில் போகும்போது என்னைப் பார்த்துக் கை அசைப்பார். (தெருவில் நிற்கும் எல்லோருக்கும்தான் அசைப்பார். நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.)

பெண் அரியலூர். பெயர் செல்வி. அவள் அப்பா ராமசாமி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டல் நடத்திவந்தார். அவருக்குக் கட்சி கிடையாது. "ரெண்டு கட்சிக்காரங்களுக்கும் ஒரே சாம்பார்தான் மாப்ள" என்பார்.

பெண் பார்க்கப் போன அன்று, அய்யர் வேண்டாம், தலைவர் ஒருவர் தாலி எடுத்துக் கொடுத்துத்தான் என் கல்யாணம் நடக்கும் என்று சொல்லிவிட்டேன். ராமசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"சரிங்க. அய்யர் வேணாம்னா வேணாம். ஆனா ஊரு மதிக்கிற மனுசனா இருக்கணும். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள தாலி ஏறிடணும். அது நடக்கலன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

"அண்ணனே வருவாரு" என்றேன். "நீங்க பாருங்க, அமைச்சராவே வருவாரு."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நாணம் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் தேர்தல் வந்தது. ஓட்டு எண்ணி முடித்தால் மறுவாரம் கல்யாணம். புத்தியுள்ளவன் முடிவு தெரிந்தபிறகு பத்திரிகை அடிப்பான். நான் வாக்குப்பதிவுக்கு முன்பே அடித்தேன். அச்சாபீஸ்காரரும் எங்கள் கட்சிதான். "வெறும் எம்.எல்.ஏ.ன்னா போடுறது? மாண்புமிகு அமைச்சர்னே போட்டுருவோம்யா" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அண்ணன் பெயர் பத்திரிகையில் பாதியை அடைத்துக்கொண்டது. என் பெயருக்குக் கீழே ஒரு பூப்போட்டு ஈடுகட்டினார்கள்.

அப்புறம் ஓட்டு எண்ணினார்கள். அண்ணன் தோற்றார். கட்சி தோற்றது. ஆட்சியே மாறியது. நேற்றுவரை எங்கள் ஆபீஸில் டீ குடித்தவர்கள் எதிர்ச்சாரியில் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நான் முதல்முறையாக உரக்கடைக்கு உள்ளே போய் உட்கார்ந்தேன். "வாங்க, என்ன வேணும்?" என்றான் தம்பி.

இரண்டு நாள் கழித்து செல்வியின் அப்பா வந்தார். கூடவே அவள் பெரியப்பா கோவிந்தராசு. பெரியப்பா ஜெயித்த கட்சி. புதுத் துண்டு போட்டிருந்தார்.

"பத்திரிகையில இருக்கறவருதான் தோத்துட்டாரே" என்றார் பெரியப்பா. "தோத்த கையால எங்க பொண்ணுக்குத் தாலி எடுத்துக் குடுக்குறதா? ஜெயிச்ச எங்க ஆளு வந்து குடுப்பாரு. சம்மதம்னா பொண்ணு மேடைக்கு வரும்."

நான் செல்வியின் அப்பாவைப் பார்த்தேன். அவர் சலிப்போடு சொன்னார்: "யாரு வேணா வரட்டும் மாப்ள. ஒருத்தர் வரட்டும். நேரத்துக்கு வரட்டும்."

ஆக, அண்ணனிடம் போய் வர வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். போனேன். எப்போதும் செருப்பு வைக்க இடமிருக்காத அந்த வாசலில் அன்று அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. கயிற்றுக் கட்டிலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரிசல்ட் வந்து இன்னைவரைக்கும் ஒரு பய எட்டிப் பாக்கலப்பா. நீ ஒருத்தன்தான் வந்திருக்க. உன் கல்யாணத்துக்கு வராம எங்க போகப்போறேன்?"

இதற்குமேல் அந்த மனிதரிடம் வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? "அவசியம் வந்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் ஒரு கணக்குப் போட்டேன். அண்ணன் எந்த விசேஷத்துக்கும் நேரத்தில் வந்ததில்லை. ஒரு காதுகுத்துக்கு அவர் போனபோது பிள்ளைக்குக் காது ஆறியே போயிருந்தது. ஜெயித்தவர் நேரத்துக்கு வருவார், தாலி கட்டிவிடலாம், அண்ணன் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போகட்டும். யாருக்கும் மனக்கஷ்டமில்லை. இவ்வளவு புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று நானே வியந்தேன்.

பதவியில் இருப்பவன்தான் தாமதமாக வருவான், தோற்றவனுக்கு வேறு வேலை இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை, சமையல்காரர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதே அண்ணன் வந்துவிட்டார். ஜீப் இல்லை, டவுன் பஸ். தனியாக வந்து, மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயித்தவருக்காக வாங்கிவைத்த நாற்காலி அது. பெரியப்பா முகம் போன போக்கைப் பார்த்து நான் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஜெயித்தவர் வரவில்லை. வழிநெடுக வரவேற்பாம். கூட்டம் சலசலத்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தார். மணமக்களை ஒரே வரியில் வாழ்த்தினார். பிறகு தோல்விக்கான காரணங்களுக்கு வந்தார். எறையூரில் யார் காலை வாரினார்கள், எந்த ஊர் கடைசி நேரத்தில் கவிழ்ந்தது என்று ஊர் ஊராக விளக்கினார். பந்தலில் பாதிப் பேர் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள். அவர்களும் தங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு மேல் வெடிச்சத்தத்தோடு ஜெயித்தவர் வந்தார். நேராக மேடையேறித் தாலித் தட்டைப் பிடித்தார். அண்ணன் மைக்கை விட்டுவிட்டு தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"பத்திரிகையில என் பேருதாங்க இருக்கு" என்றார் அண்ணன்.

"மக்கள் வேற மாதிரி சொல்லிட்டாங்களேண்ணே" என்றார் ஜெயித்தவர்.

இருவரும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். போட்டோக்காரர் எதிரே நின்றாரே. தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. எப்போது கெட்டிமேளம் கொட்டுவது என்று தெரியாமல் மேளக்காரர் ஒருமுறை கொட்டிவிட்டு நிறுத்தினார். பெரியப்பா "பொண்ணக் கூட்டிட்டு வாங்கடா கீழ" என்றார். செல்வியின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நானோ வெட்டப்போகும் ஆடு மாதிரி மாலையும் கழுத்துமாக விழித்துக்கொண்டிருந்தேன்.

செல்வி எழுந்து நின்றாள். இரண்டு வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே கையை விட்டுத் தட்டிலிருந்து தாலியை எடுத்தாள்.

"நீங்க தட்டப் பிடிச்சுக்கங்க" என்றாள் தலைவர்களிடம். பிறகு என் பக்கம் நீட்டினாள். "இந்தாங்க, கட்டுங்க. நேரமாவுதுல்ல."

கட்டினேன். பெரியப்பா வாயைத் திறந்தார். "அண்ணே, முடிஞ்சுபோச்சு, பந்தியப் பாருங்க" என்று செல்வியின் அப்பா அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒருத்தி எனக்குக் கிடைக்க நான் என்ன செய்தேன் என்று நினைத்தேன். ஒன்றுமே செய்யவில்லை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. தலைவர்கள் இருவரும் இன்னும் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் என்னிடம் வந்து, "தாலி கட்டியாச்சாப்பா?" என்று கேட்டார்.

போட்டோ வந்தபோது எல்லாப் படத்திலும் அவர்கள் இருவரும் இருந்தார்கள். ஒரே ஒரு படத்தில், இரண்டு தோள்களுக்கு நடுவே தாலியோடு ஒரு கை நீண்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு முழங்கை. அது நான்.

அந்தப் படத்துக்கு எங்கள் சொந்தத்தில் "அரியலூர்க் கை" என்று பேர். எந்த வீட்டில் எது தடைப்பட்டாலும் அந்தக் கையைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் என் தம்பி மகன் புதுவீட்டில் பால் காய்ச்சினான். அடுப்பை யார் பற்றவைப்பது என்று அவன் மாமனாருக்கும் சித்தப்பாவுக்கும் வாக்குவாதம். தீப்பெட்டி இவர் கைக்கும் அவர் கைக்கும் போய்வந்தது.

"பெரியம்மா, அரியலூர்க் கை எங்க?" என்று உள்ளேயிருந்து தம்பி மகன் கத்தினான்.

செல்வி வந்து தீப்பெட்டியை வாங்கிக் கிழித்தாள். பால் பொங்கியது. எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள். இந்தத் தடவையாவது முகம் தெரியட்டும் என்று நானும் முண்டியடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் படத்தைக் காட்டினார்கள். முழங்கை நன்றாக விழுந்திருக்கிறது.