மலைப்பாம்பின் அப்பா

மனிதர்களில் 'அப்பா' என்றொரு வகை உண்டு. பிள்ளை பெற்ற அப்பாவைச் சொல்லவில்லை. நாயைத் தூக்கிக் கொஞ்சி, "அப்பாகிட்ட வா" என்று கூப்பிடுகிறாரே, அந்த அப்பா. கிளிக்கு அப்பா, பூனைக்கு அப்பா என்று இந்த இனத்தில் படிகள் பல. எல்லாப் படியும் ஏறி, இனி ஏறப் படியே இல்லை என்று உச்சியில் உட்கார்ந்திருப்பவர்தான் மலைப்பாம்பின் அப்பா.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல்மாடியில் வீடு. கூடத்தில், மற்றவர்கள் தொலைக்காட்சி வைக்கும் இடத்தில், ஒரு நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் 'பட்டு'. வெப்பநாட்டுப் புல்வெளிகளில், எலி வளைகளிலும் பழைய கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் சின்ன இன மலைப்பாம்பு. நீங்கள் கண்ணைப் பரிசோதிக்கப் போயிருந்தால் இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். முகவாயைச் சட்டத்தில் பதித்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் எதைத்தான் சொல்ல முடியாது?

சொல்வது அத்தனையும் சரியாகத்தான் இருக்கும். அங்கேதான் வேடிக்கை. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, நாம் பேசுவது அதற்குச் சரியாக எட்டாது என்பார். அடுத்த மூச்சில், "என் குரல் கேட்டா மட்டும் தலையைத் தூக்கிடுவா" என்பார். பயந்தால் இந்த இனம் தலையை உள்ளே ஒளித்துப் பந்தாகச் சுருண்டுவிடும் என்பார். தாமே கையில் எடுக்கும்போது அது பந்தாகச் சுருண்டால்?

"வெட்கம்."

மாதக்கணக்கில் இரை எடுக்காமலும் நன்றாக இருக்கும் என்று ஊருக்கெல்லாம் தைரியம் சொல்வார். பட்டு ஒரு வாரம் எலியைத் திரும்பிப் பார்க்காவிட்டால், இவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. மனைவி இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டினி பாம்புக்கு ஒத்துக்கொண்டது, இவருக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த நிலையில், முழங்கால் வைத்தியத்துக்காக மாமியார் வந்து சேர்ந்தார். வந்தவர் தொட்டிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்துகொண்டார்.

"மாப்பிள்ளை, அது என்னையே பாக்குதே!"

"உங்களைப் பிடிச்சிருக்கு அத்தை."

"எதுக்கு, திங்கவா?"

அதற்கு அது அவ்வளவு பெரிய பாம்பில்லை என்று ஒரு சொற்பொழிவு நடந்தது. மாமியார் அதைப் பக்கத்து அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவித் துடைத்து, விளக்கைச் சரிசெய்து, பட்டுவை உள்ளே விட்டு, மூடியை வைத்தார். கொக்கியை மாட்டவில்லை. மனைவி நினைவூட்டினாள்.

"வீட்டை விட்டு ஓட அவளுக்கென்ன பைத்தியமா?" என்றார்.

சாயங்காலம் பார்த்தால் மூடி ஒருபக்கம் நகர்ந்திருந்தது. தொட்டி காலி.

மாமியார் கட்டிலின் மேல் ஏறி நின்றார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. மனைவி கத்தவில்லை. இரண்டு பைகளில் துணியை அடைத்தாள்.

"அம்மாவைக் கூட்டிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அது கிடைச்சா சொல்லுங்க. கிடைக்கலைன்னா, நீங்க வேற வீடு பாத்துட்டுச் சொல்லுங்க."

அப்பா தனியானார். தாம் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கூடத்தின் நடுவே விரித்தார், வாசனைக்கு வருவாளாம். அறை அறையாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காதில்லாத பிராணி எப்படி வரும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவரும் கேட்டிருப்பார், பாம்பு வேறு யாருடையதாகவோ இருந்திருந்தால்.

மறுநாள் மனைவி போனில் கூப்பிட்டாள். "கிடைச்சுதா?"

"இல்ல. எங்கயாவது தவிச்சுக்கிட்டு இருப்பா. என்னைத் தேடுவா."

"அதை விடுங்க. கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வீங்களே, அது எந்த மாதிரி இடத்துல இருக்கும்னு. எனக்கும் ஒருதரம் சொல்லுங்க."

"கதகதப்பா, இருட்டா, உடம்பு நாலு பக்கமும் உரசுற மாதிரி இடுக்கா..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். போனை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினார்.

ஃபிரிட்ஜை இழுத்துப் பார்த்தார். பின்னால், சூடான மோட்டாருக்குப் பக்கத்தில், பட்டு நிம்மதியாகச் சுருண்டிருந்தாள். தவிப்பும் இல்லை, தேடலும் இல்லை. அவருக்குக் கண் கலங்கியது.

"பட்டு, அப்பா வந்துட்டேன்டா" என்று கையை நீட்டினார்.

கடித்துவிட்டது.

விஷமில்லாத கடிதான். ஊசி ஊசியாக நாலைந்து இடத்தில் ரத்தம் கசிந்தது. கடித்த பாம்பு உடனே விட்டுவிட்டு, தலையை உள்ளே இழுத்துப் பந்தாகிவிட்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இது வெட்கமில்லை. இந்த வீட்டில் அது பயப்படுவதற்கு இப்போது அவரைத் தவிர வேறு ஆளும் இல்லை. கை வலித்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

பிறகு ஒரு துண்டால் அதை மெதுவாக மூடித் தூக்கிப்போய்த் தொட்டியில் விட்டார். கொக்கியை மாட்டினார். மூடியின் மேல் அகராதி ஒன்றையும் வைத்தார்.

போனில் மனைவி இன்னும் காத்திருந்தாள்.

"கிடைச்சுட்டா."

"கடிச்சுதா?"

"கொஞ்சம்."

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. டாக்டர்கிட்டயும் காட்டிடலாம். நான் வரேன்." போனை வைக்கப் போனவள், "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவள் அன்றே வந்துவிட்டாள். மாமியார் மட்டும், கொக்கிக்கு மேல் ஒரு பூட்டும் பூட்டுக்கு இரண்டு சாவியும் வந்த பிறகு, ஒரு சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொள்ளும் நிபந்தனையில் வந்தார்.

ஆகவே நம்மவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த வாரமே கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நம்மவர் ஒரு நிமிடம் லென்ஸைத் துடைத்தார். உண்மை உதடு வரைக்கும் வந்தது.

"ஒரு நாள் பிரிஞ்சு இருந்தா, பாவம். என்னைப் பாத்ததும் விடவே மாட்டேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா" என்றார். "பல்லால."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் பாம்பு இல்லை. நாய் பூனைகூட இல்லை. ஜன்னலோரத்தில் ஒரு தொட்டிச்செடி மட்டும் இருக்கிறது. நீங்கள் பேசினால் அது தலையாட்டுகிறதாமே? மின்விசிறியை அணைத்துவிட்டு ஒருமுறை பேசிப் பாருங்களேன்.