எலி டாக்டரின் காது

செரண்டா வட்டாரத்திலேயே எலியைக் கைப்பேசி மாதிரி காதில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரே மனுஷி எங்கள் எலி டாக்டர்தான். கையுறைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். பெண்கள் ஹோஸ்டலில் எனக்கு அறைத்தோழி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். கலும்பாங் தோட்டத்தில் பிறந்து, துடைப்பத்தால் எலி விரட்டி வளர்ந்தவர், பக்கத்து டவுன் ரவாங்கில் ஒரு கடையிலிருந்து ஒரு வெள்ளெலியை வாங்கி வந்து அதற்குக் கிராணி என்று பெயரும் வைத்தார். தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணி போல எல்லாவற்றையும் மோந்து சரிபார்க்குமாம். வார்டனுக்குத் தெரியாது. எனக்கோ எலி என்றாலே குலை நடுங்கும்.

தினமும் வேலைக்குப் போகுமுன் பரிசோதனை நடக்கும். கிராணியைத் துண்டில் சுற்றி மடியில் வைப்பார். கண், மூக்கு, உதட்டை விலக்கிப் பல், வயிறு, வால். பிறகு சமையல் தராசில் எடை. கடைசியாகக் காதில் வைத்து மூச்சு கேட்பார்.

ஒருநாள் கிராணியின் கண்ணோரம் சிவப்பாக இருந்தது. யாரோ அடித்து ரத்தம் வந்துவிட்டது என்று நான் அலறிவிட்டேன். அக்கா அசரவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்தார்.

"ரத்தம் இல்லலா. ஒடம்பு முடியலன்னா கண்ணுல இப்டி செவப்பா வரும். எலி நோவ வெளிய காட்டாது, மறைச்சிரும். நாமதான் பாத்துக் கண்டுபிடிக்கணும்."

காதில் வைத்தார். மூச்சில் கிர்கிர் சத்தம். அரை நாள் லீவு போட்டு ரவாங் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இந்தக் கண் மனிதர்களையும் விடவில்லை. யாராவது கூனி உட்கார்ந்தால், முடி சிலிர்த்து நின்றால், தட்டில் சோறு மிஞ்சினால் விசாரணைதான். ஒருமுறை வார்டனின் பல்லையே உற்றுப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு மழை வாரத்தில் அக்காவின் முடி சீவாமல் கிடந்தது. எண்ணெய் வைத்துப் பின்னாமல் வாசலைத் தாண்டாதவர். ரொட்டி சானாயில் பாதி அப்படியே இருந்தது. கட்டிலில் கூனி உட்கார்ந்திருந்தார். கேட்டால் ஒன்றுமில்லை என்றார். நான் போய் அவர் முதுகில் காதை வைத்தேன். கிர்கிர்.

"என்ன, என்னை எலின்னு நெனச்சியா?"

"எலியா இருந்தா இந்நேரம் தூக்கிட்டு ஓடியிருப்பீங்கக்கா."

கிராணியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்: "நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டா கிராணிய யாரு பாத்துக்குவா? வார்டன் தூக்கி வெளிய போட்டுருவாங்க."

நான் பார்க்கிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. கைகளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

நிமோனியாவாம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. கிராணியைக் காதில் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். பொய் என்று உடனே தெரிந்துவிட்டது. போனை அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். முதன்முறையாகக் கிராணியைத் துண்டில் சுற்றித் தூக்கி, அதன் பக்கத்தில் போனைப் பிடித்தேன். ரொம்ப நேரம் கேட்டார்.

"அது நல்லா இருக்கு. இப்ப போனை ஒன் நெஞ்சுல வை."

வைத்தேன்.

"ஒனக்குத்தான் படபடன்னு அடிக்குது. காலையிலருந்து சாப்புடல, அதானே? போய்ச் சாப்புடு."

உண்மைதான், சாப்பிடவில்லை. இருமிக்கொண்டே படுத்திருந்தவர் அங்கிருந்தே என்னையும் பரிசோதித்துவிட்டார். கிராணியை மடியில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சாப்பிட்டேன்.