மைக்செட்டு அனுப்பிய சீர்

செஞ்சியில் ரகசியம் என்று ஒரு சரக்கு எந்தக் கடையிலும் கிடைக்காமல் போனதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். ரேஷன் கார்டில் அவருக்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் மைக்செட்டு. கல்யாணம், கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம், கருமாதி, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். காலமெல்லாம் அந்தக் குழாய்க்கு அடியிலேயே நின்று ஒரு காது அடியோடு போய், இன்னொன்று அரைகுறையாகிவிட்டது. காது போன அளவுக்குத் தொண்டை வளர்ந்துவிட்டது. காந்தி பஜாரில் நின்று அவர் டீ கேட்டால் ராஜகிரிக் கோட்டை உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். சாவுக்குப் பாட்டுப் போட ஆள் இல்லை. போட வேண்டியவரே பெஞ்சில் படுத்திருந்தார். அன்றைக்குத்தான் பஜாரில் டீ கிளாஸ் கழுவும் சத்தம் எனக்கு முதல்முறையாகக் கேட்டது.

அவர் கடைக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் மட்டுமா? கரண்ட் பில், ரயில் டிக்கெட், ஆதார் திருத்தம், பரீட்சை ரிசல்ட், இத்தனையும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். என் தலையெழுத்து அவருக்கு எதிரே கடை பிடித்தேன். வருகிறவர்கள் என்னிடம் மெல்லச் சொல்லும் வயசையும் வருமானத்தையும் அவர் எதிர்க்கடையிலிருந்து வாயசைவைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "இன்னாது, அம்பது வயசா? நாப்பதுன்னு இல்ல சொல்லினு திரியறாரு!" என்பார். எனக்குப் பாதி வியாபாரம் அதிலேயே போயிற்று.

மனுஷனுக்குக் கிசுகிசுக்கவும் ஆசை உண்டு. அதுதான் கொடுமை. அனந்தபுரத்தில் ஒரு சாவு வீட்டில், பக்கத்திலிருந்தவர் காதருகே குனிந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்: "சொத்த பிரிச்சி எழுதிட்டாரா, இல்ல இனிமேதான் வெட்டு குத்தா?" ஒப்பாரி வைத்த பெண்கள் வாயை மூடிவிட்டார்கள். இறந்தவரின் மகன்கள் இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவர்களுக்கு அந்த எண்ணமே இல்லை என்றுதான் சொல்கிறார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.

இப்படி அடுத்தவர் குடும்பத்தைக் கெடுத்த தொண்டை சொந்தக் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. மனைவி சீக்கிரமே தவறிவிட்டார். ஒரே மகள் சுமதி. அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் இந்த ஆள்தான். படித்து முடித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த ஒருவரை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். செய்தி வந்த நேரம் மைக்செட்டு கோயில் திருவிழாவுக்கு செட் போட்டுக்கொண்டிருந்தார். கையில் மைக். கேட்க வேண்டுமா? 'டெஸ்டிங், டெஸ்டிங்' என்று சொல்ல வேண்டிய வாய், "எனக்குப் பொண்ணே கெடயாது! தல முழுவிட்டன்! எல்லாரும் கேட்டுக்குங்க!" என்றது.

எல்லாரும் கேட்டார்கள். ஆசீர்வாதம் வாங்கலாம் என்று புருஷனோடு வந்து அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருந்த சுமதியும் கேட்டாள். அப்பா கட்டிய குழாய் அவள் தலைக்கு நேர் மேலே கம்பத்தில் இருந்தது. வந்த காலோடு திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விட்டாள். பூ விற்கும் அம்மா பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னபோது, மைக்செட்டு கோபமெல்லாம் இறங்கி சோடா குடித்துக்கொண்டிருந்தார். அந்த சோடா பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதோடு பேச்சு நின்றது. மகள் போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

அதற்கப்புறம் அவர் கடையில் ஸ்பீக்கர் இருந்தது, ஆம்ப்ளிஃபயர் இருந்தது, அவரும் இருந்தார். சத்தமும் குறையவில்லை. சிரிப்பு மட்டும் காணாமல் போய்விட்டது.

ஓசூரில் வேலை பார்க்கும் நம்மூர் ஆள் ஒருவர் லீவுக்கு வந்தவர், சுமதிக்கு ஏழாம் மாசம் என்று சொல்லி விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நிமிஷம் மைக்செட்டு என் கடையில்.

"தங்கச்சி, நெட்டுல பொடவ வளையல்லாம் வாங்கலாமாமே?"

"வாங்கலாம்ணா."

"அதுவா நேரா ஓசூருக்குப் போயிடுமா?"

"போயிடும். நீங்களே நேர்ல எடுத்துனு போனா இன்னாணா?"

"நான் போனா கதவ சாத்திருவா. பொட்டி போனா சாத்த மாட்டா" என்றார். இதைச் சொல்லும்போதாவது குரல் தணிந்ததா? இல்லை. பஜார் முழுக்கக் கேட்டது.

அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை, கண்ணாடி வளையல், மஞ்சள் குங்குமச் சிமிழ். தாய் வீட்டுச் சீர். தாய் இல்லாத வீட்டுச் சீர். பணத்தை இப்போதே கட்டலாம், பொருள் போய்ச் சேர்ந்த பிறகும் கட்டலாம் என்றேன். அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை.

"திருவிழா முடிஞ்சி செட்ட அவுத்தப்புறம்தான் நான் காசு வாங்குவன். மொதல்லயே கேக்கறவன் ஓடிப்போறவன். அவனுங்களும் குடுத்துட்டு வந்து வாங்கிக்கட்டும்" என்று தன் கையாலேயே பொத்தானை அமுக்கிவிட்டுப் போனார்.

அவர் கணக்கில் அது ரொம்பச் சரி. ஆர்டர் கொடுத்தவர் அவர். ஆகவே ஓசூரில் சீரைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்காரன் செஞ்சிக்கு வந்து அவரிடம் காசு வாங்கிக்கொள்வான். சட்டைப் பையில் நோட்டை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பஜாரில் முதுகில் பெரிய பையோடு எந்த பைக் வந்தாலும் குறுக்கே போய் நிற்பார். "ஓசூரு காசு வாங்க வந்தியா?" உள்ளூர் டெலிவரி ஆட்கள் எங்கள் தெருவுக்கு வரவே பயந்து, என் பார்சலையெல்லாம் ஊருக்கு வெளியே கூட்ரோட்டிலேயே வைத்துக்கொண்டு, வந்து வாங்கிப்போகச் சொன்னார்கள்.

ஒருநாள் அவர் டீக்கடையில் இருந்தபோது ஓசூரிலிருந்து போன் வந்தது. சுமதியின் நம்பர் தெரியாததால் பார்சலில் அவர் தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"சார், மேடம் வாங்க மாட்டன்றாங்க. காசு அவங்க குடுக்கணுமான்னு கேக்கறாங்க."

"அவ எதுக்குய்யா குடுக்கணும்? நான் குடுக்கறன். இங்க வந்து வாங்கிக்க!"

"சார், நான் ஓசூர்ல இருக்கறன் சார்."

அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. "சீருக்கும் எங்கிட்டயே காசு கேக்கறாரா எங்க நைனா? தல முழுவுனவரு முழுவுனதாவே இருக்கட்டும். எடுத்துனு போங்க."

டீக்கடையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் அவள் சீருக்கே காசு கேட்டிருக்கிறார்கள். பெற்றவருக்கு இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? மைக்செட்டு பையிலிருந்த நோட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

"மொதல்லயே காசு கட்றது எப்டின்னு சொல்லிக் குடு தங்கச்சி" என்று மறுநாள் காலையில் வந்து நின்றார்.

அங்கே ஆரம்பித்தது என் ஏழரை. போனில் பணம் கட்டும் ஆப்பை ஏற்றி, பாங்க் கணக்கோடு சேர்த்து, ரகசிய எண் வைக்கச் சொன்னேன். யாருக்கும் தெரியக் கூடாது, மனசுக்குள்ளேயே நினைத்துக்கொண்டு அமுக்குங்கள் என்றேன். மனசுக்குள் நினைப்பதற்கும் அவருக்கு வாய் வேண்டும். ஒவ்வொரு எண்ணாக ஏலம் போடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே அமுக்கினார். அது மகள் பிறந்த வருஷம். எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலேயே, "சுமதி அதுக்கு மறு வருசம் இல்ல பொறந்தா?" என்று திருத்தினார். உள் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி வேறு எண் வைக்கச் சொன்னேன். வெளியே வருவதற்குள் டீ மாஸ்டர் அதை மனப்பாடமாகச் சொன்னார். எத்தனை தரம் மாற்றினாலும் சாயங்காலத்துக்குள் காய்கறி மார்க்கெட் வரை போய்விடும். பணம் கட்ட வரும்போது அவருக்கு எண் மறந்துவிட்டால் வழியில் யாரையாவது கேட்டுக்கொள்வார். இதையும் சொல்ல வேண்டும்: ஊரே எண் தெரிந்து வைத்திருந்தும் ஒருத்தர் அந்தக் கணக்கில் கை வைக்கவில்லை. வைக்க மனசு வருமா?

இதற்குள் சுமதிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டதாக அந்த ஓசூர் ஆள் சொல்லி அனுப்பினார். வெள்ளியில் அரைஞாண் கொடி, கொலுசு என்று தேடித் தேடி எடுத்தார். இந்தத் தடவை முன்பணம். ஆனால் சீர் ஆயிற்றே, ராகு காலத்தில் பணம் கட்டலாமா? "அது போவட்டும்" என்று உட்கார்ந்தார். ராகு காலம் போனால் எமகண்டம். எமகண்டம் போனால் பாங்க் சர்வர் படுத்துக்கொண்டது. சர்வர் எழுந்தபோது நான் எடுத்து வைத்திருந்த கொலுசை வேறு யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். "உங்க ஒருத்தரால என் ஆயுசு குறையுதுணா!" என்று கத்தினேன். அவருக்கு அது நல்ல காதில்தான் விழுந்திருக்க வேண்டும். கோபப்படாமல் வேறு கொலுசு தேடச் சொன்னார்.

பரிசோடு நாலு வார்த்தை எழுதி அனுப்ப ஒரு கட்டம் இருந்தது. "எழுதிக்க" என்று எழுந்து நின்று, மைக் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கிவிட்டார். "ணா, உங்க பொண்ணுக்குணா" என்றேன். கை இறங்கியது. ஏதேதோ சொல்ல வாயெடுத்து, எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். கடைசியில் அந்தக் கட்டத்தில் 'நைனா' என்று மட்டும் போட்டோம்.

பணம் போய்விட்டது என்று பச்சை டிக் வந்ததும், "இனிமே அவகிட்ட யாரும் காசு கேக்க மாட்டானுங்க இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாட்டார்கள் என்றேன். ஆனால் வாங்குவாளா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதையும் திருப்பிவிட்டால் அவருக்கு இனி அனுப்ப ஒன்றுமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

பார்சல் போன அன்று என் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது.

"சார், வெள்ளி அயிட்டம் சார். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அத சொன்னாதான் குடுக்க முடியும்."

மைக்செட்டு என்னைப் பார்த்தார். அத்தனை மாசம் நான் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லிக் கொடுத்ததை அப்போதுதான் முதல்முறையாகக் கடைப்பிடித்தார். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குது தம்பி. எம் பொண்ணுக்கு மட்டும்தான் சொல்லுவன். போன அவ கையில குடு."

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. இழுத்துக்கொண்டே போனது. பிறகு, "சொல்லு" என்றாள் சுமதி. வேறு ஒரு வார்த்தை இல்லை.

"மொத நம்பரு ஏழு" என்றார். நிறுத்தினார். "கொழந்த பால் குடிக்குதாம்மா?"

"...குடிக்குது."

"ரெண்டாவது மூணு. உனக்கு ஒடம்பு தேவலையா?"

"ம்."

"அடுத்தது ஒம்போது." தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "மாப்ள நல்லா இருக்கறாரா?"

அந்த மனிதரை அவர் மாப்பிள்ளை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சுமதிக்கும் அது புதுசு. "நல்லா இருக்கறாரு" என்றாள். குரல் உடைந்திருந்தது.

கடைசி எண்ணை அவர் சொல்லவில்லை. நேரம் போனால் அந்த எண் செல்லாது. நான் கையை ஆட்டினேன், சைகை காட்டினேன். அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ரகசியமாகத்தான் சொன்னார், பாவம். "சொல்லிட்டா வச்சிருவா தங்கச்சி!"

ஓசூரில் கேட்காமல் இருக்குமா?

"வைக்க மாட்டன் நைனா. சொல்லு."

சொன்னார். ஆனால் அது டெலிவரிக்காரர் போன், அவர் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். "என் போன்லருந்து கூப்படறன், இரு" என்று சுமதி வைத்துவிட்டாள். மைக்செட்டு போனை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கூப்பிடுவாளா? டீ மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். பூக்கார அம்மா பூவைக் கீழே வைத்தார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு எலுமிச்சை மாலை என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

அடித்தது. தெருவுக்கே கேட்டது, துண்டுக்குள் இருந்தவருக்கு மட்டும் கேட்கவில்லை. "ணா! சுமதிணா! எடுங்கணா!" என்று நான் கத்தினேன். அவர் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, அவருடைய நல்ல காதில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சுமதி என்ன பேசினாள் என்று தெருவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார். என் கை கடுத்துப் போயிற்று. நான் எடுக்கவில்லை.