பலகையில் ஒட்டிய பெல்ட்

என் குட்டப்பிக்கு,

ஊருக்கு நீங்கள் சிலுவைதாசன், எனக்குக் குட்டப்பி. உங்கள் பிரிஜித் எழுதுவது. இங்கே நானும் மகள் அபினாவும் சுகம். அங்கே நீங்கள் சுகம்தான் என்று அடக்கத்தன்று பாதர் சொல்லிவிட்டார், ஆகையால் கேட்கவில்லை.

நீங்கள் போனபின் அபினா உங்கள் சாமானையெல்லாம் கழுவினாள். என் மீன்கத்தியைக் கல்லில் தீட்டிவிட்டுக் கடைசியில் இழுப்பீர்களே, அந்தத் தோல் பலகையையும் விடவில்லை. "எம்மா அழுக்கு! அப்பா இத ஒருநாளும் கழுவல்லியா?" என்று சோப்புப்பொடி போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தாள், தோல் கருவாடு போலச் சுருண்டது, அதன்பிறகு கல்லில் எவ்வளவு தீட்டினாலும் கத்தியின் வாயில் கூர் ஏறவில்லை, பெருங்கடவிளை சந்தையில் மீன் பிய்ந்து பிய்ந்து வந்தது, நம்ம வாடிக்கை சோமன் நின்று பார்த்துவிட்டு, "எக்கா, மீனு முன்னமே செத்தாச்சு. இனியும் எதுக்குக் கொல்லுதிய?" என்றான், மற்ற வாடிக்கைக்காரர்கள் எல்லாம் பக்கத்தில் மீன் விற்கும் பிரேமகுமாரியிடம் போய்விட்டார்கள். இப்படியே போனால் நமக்குச் சோறில்லை.

வீட்டில் வேறு தோல் ஏது? உங்கள் பெல்டை எடுத்தேன். ஓட்டையுள்ள நுனியை வெட்டிவிட்டுப் பலகையில் ஒட்டினேன். மினுங்குகிற பக்கத்தை மேலே வைத்துவிட்டேன், நீங்கள் பாத்திரக்கடையில் வாங்கிய பச்சைப் பாலீஷ் கட்டி அதில் பிடிக்கவே இல்லை, பிய்த்துச் சொரசொரப்பை மேலாக்கி, துளி எண்ணெய் தடவி, வெயிலில் காட்டித் தேய்த்தேன், பிடித்தது. கத்தியின் வாயை முன்னே விட்டுவிட்டேன், முதல் இழுப்பிலேயே தோலைச் சீவிக்கொண்டு வந்தது! அப்போதுதான் உங்கள் கை கண்ணில் வந்தது. கத்தியின் முதுகு முன்னே போகும், வாய் பின்னே வரும், முடிவில் கோழிக்குஞ்சை எடுப்பதுபோலத் தூக்குவீர்கள். யார் சொல்லித்தந்தார்களோ, எப்பேர்ப்பட்ட கை!

இன்று சோமனுக்கு நெய்மீன் வெட்டினேன்.

"எக்கா, கத்தி வந்ததும் தெரியல்ல, போனதும் தெரியல்ல!"

"எனக்க மாப்பிள்ளைக்க வித்தையாக்கும்லே!" என்றேன்.

பலகையில் ஒரு குறையும் இல்லை, கவலைப்பட வேண்டாம். மாதாவும் அந்தோணியாரும் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள், நான் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பிரிஜித்

பி.கு.: குறையில்லை என்று எழுதியது சரியில்லை. இழுக்கும்போதெல்லாம் கத்தி ஓரிடத்தில் 'டிக்' என்று தட்டுகிறது. பார்த்தால், நான் வெட்டிய நுனிக்கு வெகு உள்ளே, ஆணியால் குத்திய ஓட்டை ஒன்று. அதையும் வெட்டிவிடக் கத்தியை வைத்தேன், கை ஓடவில்லை. "நான் எங்கடி மெலிஞ்சேன்? உனக்க கண்ணுதான் கோளாறு" என்று கடைசிவரை சிரித்தீர்களே, அந்த ஓட்டையை எப்பம் குத்தினிய, குட்டப்பி?